கால் திருகல்

எரிவாயுக் குப்பியைத் தலைகீழாய்ப் பிடித்து
டாங்கியின் வால்வில் அழுத்துகிறான் எம்லின்.
குளிரில் விரல்நுனி வெளுக்கிறது.
போதும் என்பதை நான்தான் சொல்லவேண்டும்.
நிரம்பியதும் சீறல் மாறுவது
அவன் காதுக்கு எட்டாது.

இருபத்தாறு வருடம் ஃபெஸ்டினியோகில்
பலகைக்கல் அறுத்த காது.
அதன் வரைபடத்தை எடுத்ததும் நான்தான்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் என் தம்பி,
கையில் ஒரு பொத்தான்,
கேட்டால் அழுத்து என்ற ஒரே விதி.
ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை சமதளம்.
மூவாயிரத்தில் சரிவு.
நாலாயிரத்தில் குவாரி.

மழை விட்ட அரைமணியில்
ஊசிக்குழலால் தண்ணீர், நூற்றியெண்பது மில்லி.
தேன்போல் இறங்க மறுக்கும் நீராவி எண்ணெய்.
புகைபோக்கி வாயில் லைட்டரைக் காட்டி
வாயுத் திருகை மயிரிழை திறந்தால்
பொப்
நெருப்பு பின்னால் குதித்து
கொதிகலன் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

பிறகு ஊளை.
இருசாண் நீள எஞ்சினுக்கு
இத்தனை பெரிய தொண்டையா?
மூன்று தோட்டம் தள்ளி டெக்வென் ஜன்னலைச் சாத்துவாள்.
ஒரு செவ்வாய்க்கிழமை, பால்புட்டியின் கழுத்தில் சீட்டு:
'மெரெரிட், உங்கள் ரயிலுக்கு வயிற்றுவலியா?'

அன்றிரவே சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்தேன்.
பர்னரை உருவினேன். ஒரு பித்தளைக் குழல்,
விலா எலும்புபோல் வரிசையாய் வெட்டுகள்.
ஜெட்டில் ஊசி விடாதே, துளை பெருத்துவிடும் என்றான்,
தலை திருப்பாமல்.
டீ வடிகட்டியின் கம்பிவலையைக் கத்தரித்து
குழலைச் சுற்றிக் கட்டினேன்.
காற்றுத் துளைகளுக்கு மேல்
சுழல்கிற ஒரு வளையம் கடைந்து மாட்டினேன்.

மறுநாள் எஞ்சின் வாயே திறக்கவில்லை.
அழுத்தமானியின் முள் மட்டும்
தூக்கத்தில் எழுபவர்போல் எழுந்தது.
'அணைஞ்சுபோச்சு.'
'இல்ல, எரியுது.'
நம்பாமல் புகைபோக்கி மேல் உள்ளங்கையை வைத்தான்.

கொப்புளம் உடைய ஒரு வாரம்.
அதன் பிறகும் ஷெட் கதவு திறக்கவில்லை.
'நல்லாத்தான் இருக்கு' என்றான் கேட்டபோதெல்லாம்.
அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
கேட்கும் கருவியை டிராயரில் பூட்டிவிட்டு வருபவர்கள்
கிளினிக்கில் தினம் சொல்வது.

அவன் கோப்பை எடுத்துப் பார்த்தேன்.
ஊளை இருந்த இடம்
முந்நூற்றுச் சொச்சம்.
சமதளத்தின் நட்டநடுவில்.
என்னைக் கேட்காமல் அவனுக்குத் தெரிந்த ஒன்றைத்தான்
வலைபோட்டுப் பிடித்து
வாயைக் கட்டியிருக்கிறேன்.

வலையில் ஒரு விரலகலம் வெட்டி எறிந்தேன்.
வளையத்தை முழுக்கத் திறந்தால் மௌனம்.
முழுக்க மூடினால் பழைய ஓலம்.
கால் திருகல் மூடினால்
உதடு பிரியாத ஒரு முனகல்.
கிளினிக் மீட்டரைச் சொல்லாமல் எடுத்துவந்து
டெக்வென் ஜன்னலோரம் வைத்து அளந்தேன்.
'கேட்குதா?'
'அது என் ஃப்ரிட்ஜ்' என்றாள்.

ஞாயிறு. ஈரத் தண்டவாளம்.
சிலிண்டர்கள் முதலில் வெந்நீரைத் துப்பின,
என் செருப்பு மேல் பாதி.
சக்கரம் வழுக்கி, வழுக்கி,
பிறகு பிடித்துக்கொண்டது.
ஒன்பது கல்வண்டிகள், கடைசியில்
யாரோ எப்போதோ வைத்த ஒற்றைத் தக்காளி.
ரூபார்ப் இலைகளுக்குள் புகுந்து
நனைந்து வெளியே வந்தது ரயில்.

தண்ணீருக்கு முன்னால் வாயு தீரவேண்டும்.
அதுதான் கணக்கு, இல்லையென்றால் கொதிகலன் கருகும்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
பதினெட்டு நிமிடம், பத்தொன்பது.
எம்லின் அந்தக் கோடியில்
எங்களுக்கு முதுகைக் காட்டி
வேலிக் கம்பியில் ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தான்.

நிமிர்ந்தான்.
திரும்பவில்லை.
வலது கையை உயர்த்தி
கட்டைவிரலால் காற்றை
ஒருமுறை அழுத்தினான்.

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது,
மிச்ச ஆவியில்.
குனிந்து பார்த்தேன்:
நெருப்பு இல்லை.